மிதி, விடு

அண்ணன் இறந்தபின் தம்பிக்கு மிஞ்சியது அந்தப் பழைய வண்டிதான். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மேடு பள்ளம் பார்க்காது. ஆனால் பிரேக் குழாயில் காற்று புகுந்துவிட்டது. அதை வெளியேற்ற ஒருவர் கீழே படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். இன்னொருவர் மேலே பெடலை மிதிக்க வேண்டும்.

"கொஞ்சம் வந்து பிரேக்கை மிதியேன்," என்று வீட்டுக்குள் குரல் கொடுத்துவிட்டு, பின்சக்கரத்தருகே வண்டிக்கடியில் நுழைந்தான்.

"வித்துத் தொலைங்கன்னா கேக்கறீங்களா? வர்றேன், இருங்க," என்றாள் மனைவி.

சற்றுப் பொறுத்து, "மிதி," என்றான்.

பிரேக் ஆயில் குமிழியோடு பீய்ச்சியது. திருகை இறுக்கினான்.

"விடு. மறுபடி மிதி."

சொன்னபடி நடந்தது. பேச்சுதான் இல்லை.

"இன்னும் கோவமா? நீ எவ்வளவோ தேவலாம். அண்ணன்னா, நான் சொல்றதுக்கு முன்னாடியே மிதிச்சுக் கையெல்லாம் ஆயிலாக்கிடுவான்."

அடுத்த முறை திருகைத் திறந்ததுமே, அவன் வாய் திறப்பதற்குள், ஆயில் கையில் பீய்ச்சியடித்தது.

"உன்னைப் போய்ப் புகழ்ந்தேன் பாரு."

வண்டிக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

"கோச்சுக்காதீங்க. அம்மா போனை வைக்கவே விடல. இப்பதான் வர்றேன்." மனைவி கதவை இழுத்துப் பார்த்தாள். "வழக்கம்போலப் பூட்டிட்டீங்களா? சாவி எங்க?"

சாவி அவன் பாக்கெட்டில் உறுத்தியது.

தலைக்குப் பின்னால், தரையில், பிரேக் விளக்கின் சிவப்பு இன்னும் விழுந்திருந்தது. பெடலை அழுத்திய கால் எடுக்கப்படாமல் காத்திருந்தது.

"விடுண்ணே," என்றான் மெதுவாக.

விளக்கு அணைந்தது.