இரண்டாம் பாதி

முதுநிலை மின்காந்தவியல் புத்தகம் தூக்க முடியாத தடிமன். அதனால் விடுதியில் ஒரே அறையில் இருந்த உமையாளும் ஜெசிந்தாவும் அதைப் பிளேடால் இரண்டாக அறுத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். இரண்டாம் பாதியோடு ஊருக்குப் போன ஜெசிந்தா, பேருந்து விபத்தில் இறந்துபோனாள். அடக்கத்துக்குப் போன உமையாள், குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தாள்.

மறுமாதம் ஜெசிந்தாவின் பெட்டியை எடுத்துப்போக அவளுடைய அப்பா விடுதிக்கு வந்தார். தேர்வு நெருங்கியிருந்ததால் உமையாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்பா, அந்த இன்னொரு பாதி வீட்டுல இருக்குமா?"

"இருக்கும்மா. அவ இன்னும் முடிக்கல."

துக்கத்தில் பேசுகிறார் என்று உமையாள் நினைத்துக்கொண்டாள்.

"ஏழாம் பாடத்துக் கடைசிச் சமன்பாடு வேணுமாம். அது இல்லாம மேல ஓட மாட்டேங்குதாம்."

உமையாள் தன் பாதியைப் புரட்டினாள். அது ஏழாம் பாடத்தோடுதான் முடிந்திருந்தது. அந்தச் சமன்பாடு, அறுத்த ஓரத்தை ஒட்டி இருந்தது. புத்தகத்தை அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

"இதக் கொண்டுபோயி நான் என்னத்த வெளங்க வைக்க? உன்னையே கூட்டிட்டு வரச் சொல்லிருக்கா" என்றபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

உமையாள் மறுத்துச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அவள் கால்கள் கட்டிலடியில் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தன.