ஆசை குறைந்தவர் முன்னால் நிற்கவும்

அந்த நாட்டில் எந்தப் பொருளுக்கும் விலைச்சீட்டு கிடையாது. கல்லாவின் முன்னால் நிற்பவரின் முகத்தைப் படித்து, அவருக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு விலையைத் திரை காட்டும்.

"நம்ம தலையில மொளகா அரைக்கப் பாக்குறானுங்க," என்று முதல் நாளே உஷாரானான் செந்தூரன். தேனிலவுக்கு வந்த இடத்தில் ஏமாற அவன் தயாராக இல்லை. அவன் உயிரை விடும் சாக்லேட்டுக்கு மனைவி இசைவாணியை நிறுத்தினான். அவள் கண் வைத்த சால்வைக்கு அவனே நின்றான். எல்லாம் பாதி விலையில் முடிந்தது.

கடைசி நாள், ஏரிக்கரைப் படகுத்துறை. இருவர் போகும் படகுக்கு அவன் முகம் காட்டினான். தொண்ணூறு.

"அநியாயம்! உனக்கும் இதேதான் காட்டும். சும்மா நின்னு பாரு."

அவள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். திரை இரண்டு என்றது.

செந்தூரனுக்குச் சுருக்கென்றது. "மெஷின்ல ஏதோ கோளாறு."

"மலிவாத்தானே இருக்கு? பேசாம எடுங்களேன்."

அவன் விடவில்லை. "அப்படியே நில்லு, கோளாறுதானான்னு பாத்துடுறேன்," என்று, ஒருவர் மட்டும் போகும் படகின் படத்தைத் தொட்டான்.

எண் ஏறத் தொடங்கியது. நூறைத் தாண்டியது. இருநூறைத் தாண்டியும் நிற்கவில்லை.

இசைவாணி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.