பம்பரில் தொங்கிய எலுமிச்சம்பழம்

செண்பகவல்லியின் காருக்கு முன்னால் மிளகாயோடு சேர்த்துக் கட்டிய எலுமிச்சம்பழத்துக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டியைக் காப்பதே தான்தான் என்று அதற்கு நினைப்பு. அதன் முதுகுக்குப் பின்னால், பம்பருக்குள், ஒரு ரேடார் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

"நீ என்னய்யா வேலை பாக்கறே?" என்றது பழம்.

"முன்னால போற வண்டி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அளந்துகிட்டே இருப்பேன். ரொம்ப நெருங்கினா மணியடிப்பேன். அப்பவும் அம்மா பிரேக்கை மிதிக்கலைன்னா, நானே வண்டிகிட்ட பிரேக் பிடிக்கச் சொல்லுவேன்."

"அதுக்குத்தான் நான் இருக்கேனே!" என்று பழம் சிரித்தது.

மறுநாள் கடைவீதியில், முன்னால் போன லோடு ஆட்டோ சட்டென்று நின்றது. செண்பகவல்லியோ உருண்டுபோன தண்ணீர் பாட்டிலைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது, அவள் நிமிரவில்லை. ஆட்டோவின் இரும்புக் கதவு பழத்தின் மூக்குக்கு நேரே வந்தது.

"ஐயோ, முதல்ல நசுங்கப்போறது நான்தான்!" பழம் கண்ணை மூடிக்கொண்டது.

வண்டி தானாகவே குலுங்கி நின்றது. இடையில் ஒரு சாண்தான் இருந்தது.

இறங்கிவந்த செண்பகவல்லி பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என் சாமி, நீதான் காப்பாத்தினே!"

பழம் கூசிப்போனது. "ஐயா, இது உங்களுக்கு வரவேண்டிய கும்பிடு" என்றது ரேடாரிடம்.

"யாருக்கு வந்தா என்ன? அம்மா வீடு போய்ச் சேரட்டும்."

வெள்ளிக்கிழமை, நன்றி மறக்காத செண்பகவல்லி, இரண்டு மடங்கு பெரிய பழமாக வாங்கிவந்து கட்டினாள். அவிழ்த்துப் போட்ட பழைய பழம் புதியதிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னது:

"கொஞ்சம் ஓரமாத் தொங்குப்பா. பின்னால இருக்கறவருக்கு மறைக்குது."