சோப்பு டப்பாவில் ஒரு செல்

"இந்த செல்லு இப்போ எங்கயும் வர்றதில்ல சாமி. பாரின் ஐட்டம்," என்றான் லஸ் முனையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சேட்டு.

காது மெஷினைக் கொண்டுவந்த பஞ்சாபகேசன் தவித்தார். "சாயங்காலம் ஆறு மணிக்கு என் பொண்ணு கச்சேரிப்பா. பேப்பர்ல விமர்சனம் எழுதற வாஞ்சிநாதன் மாமாவோட மெஷின் இது. அவர் காதுல விழலேன்னா என்னத்த எழுதுவார்?"

வாஞ்சிநாதன் என்னவோ, "எதுக்கு ஓய் வீண் சிரமம்?" என்றுதான் சொன்னார். இவர்தான் பிடுங்காத குறையாக வாங்கி வந்திருந்தார்.

சேட்டு யோசித்தான். "டார்ச் செல்லு கீது. ஆனா உள்ள போவாது. சோப்பு டப்பால வெச்சு ஒயர் இழுத்துத் தரேன். மடில வெச்சிக்கினு கேக்க சொல்லு."

சபாவில் முதல் வரிசை. சோப்பு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மங்களம் பாடி முடிக்கும் வரை வாஞ்சிநாதன் அசையாமல் உட்கார்ந்து கேட்டார். பஞ்சாபகேசனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் நாலே வரி வந்தது. சுருதி சேரவில்லை. தாளம் நிற்கவில்லை. பாடகி இன்னும் பத்து வருஷம் வீட்டிலேயே சாதகம் செய்வது நல்லது.

பேப்பரும் கையுமாக பஞ்சாபகேசன் அவர் வீட்டுக்கே போய்விட்டார்.

"மூணு வருஷமா இதே பொண்ணை ஆஹா ஓஹோன்னு எழுதினேளே மாமா?"

"எழுதினேன்தான்." வாஞ்சிநாதன் சோப்பு டப்பாவைத் தடவிக்கொடுத்தார். "மெஷின்ல செல் தீர்ந்து நாலு வருஷமாச்சு ஓய். உம்ம புண்ணியத்துல இப்போதான் காது கேக்கறது."