பதினைந்து கிலோவுக்கு மேல்

தண்ணீர் கேனைப் பின் இடது இருக்கையில் வைத்தேன். அதற்குப் பெல்ட் போடவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினேன்.

வண்டி வாயைத் திறக்கவில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த ஷோரூம்காரர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னக் குடும்பக் கார்களுக்கு நட்சத்திரம் போடுவது என் பிழைப்பு. விலை, மைலேஜ், டிக்கியில் எத்தனை பெட்டி அடங்கும், இடித்தால் உள்ளே யார் மிஞ்சுவார்கள், எல்லாம் பார்த்து எழுதுவேன். எப்பேர்ப்பட்ட வண்டியானாலும் ஐந்தில் ஒரு அரையாவது பிடுங்கிவிடுவேன். அதனால் இந்தத் தொழிலில் எனக்குப் பெயரே ‘அரை’. முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் அரை.

இந்த வண்டியில் பிடுங்க ஒன்றும் அகப்படவில்லை. காலையிலிருந்து சல்லடை போட்டுத் தேடிவிட்டேன். ஆறு காற்றுப்பை. பிரேக் சொன்ன இடத்தில் நிற்கிறது. விலையும் மாதச் சம்பளக்காரர் பெண்டாட்டியிடம் பயமில்லாமல் சொல்லக்கூடிய விலைதான். கடைசியில் கேன்தான் காப்பாற்றியது.

“பதினஞ்சு கிலோவுக்கு மேல இருந்தாதான் சார் பெல்ட் போடலன்னு சத்தம் வரும். இல்லன்னா கைப்பைய வச்சாக்கூடக் கத்திக்கிட்டே இருக்கும்” என்றார் ஷோரூம்காரர். “உங்க கேன்ல தண்ணி கொறையுதே. ரொப்பி வச்சுப் பாருங்க.”

அவர் சொன்னது சரிதான். கேன் நிறைய இல்லை. வீட்டில் எடை பார்க்கும் மெஷின்மேல் அதை வைத்து, டம்ளர் டம்ளராக ஊற்றி, பதிமூன்று கிலோ வந்ததும் நிறுத்திவிடுவேன். இரண்டு வருடமாக இப்படித்தான். அதற்கு முன்னால் முழுக் கேனைத்தான் வைப்பேன்.

முழுக் கேன் வைத்த காலத்தில் ஒரே ஒரு வண்டிக்கு அரையைப் பிடுங்காமல் ஐந்தையும் கொடுத்தேன். பெல்ட் போடாத கேனைப் பார்த்து அது போட்ட கூச்சலில் அப்படியே மயங்கிவிட்டேன். பிள்ளைகளால் இந்த வண்டியை ஏமாற்ற முடியாது என்று எழுதினேன். மறுவாரமே என் தங்கை அதை வாங்கினாள். அண்ணனே அரை பிடுங்காத வண்டி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை.

நோட்டை எடுத்து அரையைக் குறைத்தேன். ஷோரூம்காரர் முகம் தொங்கிப்போனது. கேனைத் தூக்கி டிக்கியில் வைத்துவிட்டு, ஷோரூமுக்குத் திரும்பக் கிளம்பினோம்.

தெருமுனைகூடத் தாண்டவில்லை, பீப் என்றது.

முன்னால் இருந்த திரையில் ஐந்து இருக்கைகளின் சின்னப் படம் வந்தது. பின் இடது மட்டும் சிவப்பு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். இருக்கையில் யாரும் இல்லை. பையோ, குடையோ, ஒன்றும் இல்லை.

“புது சென்சார் சார்” என்று சொல்லிக்கொண்டே ஷோரூம்காரர் கையைப் பின்னால் நீட்டி இருக்கையைத் துடைத்துவிடப் போனார். பாதியில் கை நின்றது. மெதுவாக இழுத்து மடியில் வைத்து, மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

வேகம் கூடக்கூடச் சத்தமும் கூடியது. ஓரமாக நிறுத்தினேன். நல்ல வெயில். பக்கத்துக் கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்திலும் எனக்குப் பயமாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இறங்கிப் பின் கதவைத் திறந்தேன். பெல்ட்டை இழுத்து, வெறும் இருக்கைக்குக் குறுக்கே கொண்டுவந்து மாட்டினேன்.

சத்தம் நின்றது.

ஆள் இல்லாத இருக்கையில் பெல்ட்டை மாட்டினால் அது உள்ளே இழுத்துக்கொண்டு பின்சாய்வோடு ஒட்டிவிடும். நூற்றுக்கணக்கான வண்டிகளில் பார்த்திருக்கிறேன். இது ஒட்டவில்லை. சாய்வை விட்டு ஒரு சாண் முன்னால், விறைப்பாக நின்றது.

கழுத்தில் உரசாதபடி அதைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டேன். கை தானாகவே செய்தது. முன்பெல்லாம் அப்படிச் செய்தால், “போதும் மாமா” என்று ஒரு குரல் வரும்.

பதிமூன்று கிலோ என்பது பிணவறையில் கொடுத்த சீட்டில் தங்கை மகளின் பெயருக்கு நேரே எழுதியிருந்த எடை. வண்டி இடித்த அன்று பெல்ட்டை அவளே கழற்றியிருக்கிறாள். நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்த வண்டி ஒரு முனகல்கூட முனகவில்லை. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த தங்கைக்கு எப்படித் தெரியும்?

அப்போது குழந்தைக்கு மூன்றரை வயது.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். ஷோரூம்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். இந்த மாதத்தோடு ஐந்தரை.

கைபேசியை எடுத்துத் தங்கையின் எண்ணைத் தேடினேன். அவள் எடுத்தால் ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும்.

உன் பிள்ளை வளர்ந்திருக்கிறாள் என்று.