பவளமும் லேசர் தம்பியும்

ஒரு ரயில் நிலைய வாசலில் பவளம் என்ற மோப்ப நாய் வேலை பார்த்தது. பைகளை முகர்ந்து, வெடிமருந்து இருந்தால் அப்படியே உட்கார்ந்து காட்டும். ஒருநாள் அதன் பக்கத்தில் ஒரு லேசர் கருவியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது தூரத்திலிருந்தே பையின்மேல் ஒளியைப் பாய்ச்சி, அங்கே ஒட்டியிருக்கிற தூள் இன்னதென்று சொல்லிவிடும்.

"நம்ம சோத்துல மண்ணு விழுந்துச்சு" என்று பவளம் அதற்கு முகம் கொடுத்தே பேசவில்லை.

ஒரு காலையில் தூண் ஓரமாக ஒரு பை கேட்பாரற்றுக் கிடந்தது. ஜனங்கள் விலகி ஓடினார்கள். பவளம் வழக்கம்போல் அதை நோக்கிப் பாய்ந்தது.

"அக்கா, போகாதீங்க! பார்த்துட்டேன், வெடிமருந்துதான்!" என்று கருவி அலறியது.

பவளத்துக்கு ஆத்திரமாக வந்தது. "ஏன், நான் மோந்தா தெரியாதா?"

"தெரியும்க்கா. ஆனா நீங்க பக்கத்துல போகணுமே. அது வெடிச்சிட்டா?"

இத்தனை வருஷத்தில் பவளத்துக்காக யாரும் அப்படிப் பதறியதில்லை. அது திரும்பி வந்து கருவியின் காலடியில் படுத்துக்கொண்டது. ஆட்கள் வந்து அந்தப் பையைப் பத்திரமாக அப்புறப்படுத்தினார்கள்.

மறுபடி கூட்டம் வரத் தொடங்கியது. யாரோ கொண்டுவந்த தூக்குச்சட்டியைப் பார்த்துக் கருவி திணறியது. "அக்கா, இதுமேல என்னமோ வழிஞ்சிருக்கு. வெடிமருந்து இல்ல. வேற என்னன்னு புரியல."

பவளம் மூக்கைத் தூக்கியது. "நெத்திலிக் குழம்புடா தம்பி."

"குழம்புன்னா என்னக்கா?"

"அடப்பாவி, அதுகூடத் தெரியாதா!" பவளம் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, புளி கரைப்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தது.