வெளிநாட்டு டிக்கட்

டில்லியில், பூந்தோட்டத்துக்கு நடுவே இருந்த பாதுஷா சமாதிக்கு வாசலில் இரண்டு வரிசைகள். உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்று. பத்து மடங்கு விலையில் வெளிநாட்டவருக்கு ஒன்று. அண்டை நாட்டவருக்குச் சலுகை இல்லாத காலம் அது.

"இந்தப் பக்கம் வா. வாயத் தொறக்காம நின்னா மதராசின்னு நெனச்சு விட்டுருவான்" என்றான் சுதாகரன்.

"நான் மாட்டேங்க."

இலங்கையின் தேயிலைத் தோட்ட ஊரான அக்கரப்பத்தனையிலிருந்து தேனிலவுக்கு வந்திருந்த அவனுடைய புது மனைவி ஜெயந்தினி, வெள்ளைக்காரர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

உள்ளே போன பிறகும் அவள் 'வெளிநாட்டவர்' என்று அச்சடித்திருந்த டிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு காசு குடுத்திருக்கோம், சமாதியப் பாரு!"

"பாக்குறேங்க" என்றவள், டிக்கட்டை மடிக்காமல் பாஸ்போட்டுக்குள் வைத்தாள்.

ஊர் திரும்பியதும், 'டிக்கட்டு பாக்க டில்லிக்குப் போனவ' என்று தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரித்தான் சுதாகரன்.

அடுத்த வருடம், பிறந்த மகளைப் பதிவு செய்ய இருவரும் போனார்கள்.

"இனம்... ஒங்க ரெண்டு பேரோட பொறப்புப் பத்திரத்துலயும் இருக்க மாதிரி 'இந்தியத் தமிழர்'னே போட்டுறவா?" என்றபடி பதிவாளர் பேனாவை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க சேர்."

ஜெயந்தினி அந்த டிக்கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நாங்க வெளிநாட்டுக்காரங்கன்னு இந்தியாவே எழுதிக் குடுத்திருக்கு."